43 வருஷம் ஒரே இடத்தில்: ஒரு கல்லூரி வாலிபால் கோச்சும் அண்ணன் மகளும்

அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் இருந்து போன் வந்தால் விஷயம் அவசரம் என்று அர்த்தம்.

"ஏன்டா, உங்கிட்ட பேசினாளா? பேங்க் பரீட்சைக்குப் படிடீன்னா, வாலிபால் கோச் ஆகப் போறேங்கறா. அதெல்லாம் ஒரு வேலையா? நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

அண்ணன் மகள் பி.காம். கடைசி வருஷம். கல்லூரி வாலிபால் டீமில் செட்டர். சரி, எடுத்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைச் சொல்வதற்கு முன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்காமல் வாய் வராது. கேள்வியை இப்படி வைத்துக்கொண்டேன்: கல்லூரிப் பெண்கள் வாலிபால் டீமுக்குக் கோச்சாக இருந்தே ஒரு முழு வாழ்க்கையை ஓட்டிய ஆள் உலகத்தில் யாராவது உண்டா? இருந்தால், அது எப்படி அவருக்குச் சாத்தியமானது?

ஆள் கிடைத்தார். அவரைப் பற்றிய குறிப்புகள்தான் இந்தப் பதிவு. அண்ணனுக்குச் சாதகமான தகவலும் இதில் இருக்கிறது, பாதகமானதும் இருக்கிறது.

முதலில் நம்ம ஊர்

ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் வளர்ந்தவர்களுக்கு வாலிபாலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொங்கல் வந்தால் ஊர்ப் பொது இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கம் கம்பம் நட்டு, நெட் கட்டிவிடுவார்கள். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் மேட்ச் நடக்கும். கிரிக்கெட்டுக்கு வேண்டிய அளவு இடமும் வேண்டாம், செலவும் வேண்டாம். ஒரு பந்து, ஒரு நெட், பன்னிரண்டு பேர். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் ஆம்பளைகளாகத்தான் இருப்பார்கள். பெண்கள் ஆடுவது பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் மட்டும்தான். டிகிரி முடிந்த அன்றைக்கு ஆட்டமும் முடிந்துவிடும்.

இந்த ஆட்டம் 1895ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கியது. கூடைப்பந்து ரொம்ப முட்டல் மோதலாக இருக்கிறது, வயதானவர்களும் ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்துச் செய்தார். ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் வாலிபாலும் போனது. சென்னையில் ஹாரி க்ரோ பக் 1920ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இன்றைக்கும் நந்தனத்தில் இருப்பது, அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம்ம பி.டி. மாஸ்டர்களின் வம்சாவளியைத் தேடிப் போனால் பலருக்கு அங்கேதான் போய் முடியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் தேடிக் கண்டுபிடித்த ஆள் படித்ததும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. வழி வந்த ஒரு கல்லூரியில்தான். ஒய்.எம்.சி.ஏ.வை நிறுவிய ஜார்ஜ் வில்லியம்ஸ் பெயரையே வைத்த கல்லூரி அது.

ரஸ் ரோஸ்

1953ல் பிறந்தவர், சிகாகோக்காரர். கல்லூரியில் வாலிபால் ஆடினார். 1975ல் பட்டம். பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. அங்கே பெண்கள் டீமின் கோச் டெரி பெட்டிட்டுக்கு உதவியாளராகவும் இருந்தார். முதுகலை ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு வாலிபால் புள்ளிவிவரங்கள். 1979ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், சுருக்கமாக பென் ஸ்டேட், பெண்கள் வாலிபால் டீமுக்குத் தலைமைக் கோச்சாக வந்தார். 2021 சீசன் முடிந்துதான் ஓய்வு பெற்றார்.

43 சீசன். 1,330 வெற்றி, 229 தோல்வி. நூறு ஆட்டம் ஆடினால் 85 வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சாம்பியன் பட்டம் ஏழு முறை: 1999, 2007, 2008, 2009, 2010, 2013, 2014. நடுவில் நான்கு வருஷம் தொடர்ச்சியாக. 2007 செப்டம்பரில் இருந்து 2010 செப்டம்பர் வரை 109 ஆட்டம் தோற்கவே இல்லை. 110வது ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்தான் நிறுத்தியது.

இந்த எண்களை அண்ணனிடம் சொன்னால் "பெரிய ஆளுதான், அதுக்கென்ன இப்ப?" என்பார். நானும் முதலில் அங்கேதான் நின்றேன். ஆனால் பட்டம் வாங்கிய வருஷங்களை இன்னொரு முறை பாருங்கள். வேலையில் சேர்ந்தது 1979. முதல் பட்டம் 1999. நடுவில் இருபது வருஷம் இருக்கிறது.

அந்த இருபது வருஷத்தில் அவர் மோசமான கோச் கிடையாது. 1993ல் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். 1997ல் மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி தோல்வி. 1998ல் மூன்றாவது முறை, ஐந்தாவது செட் வரை போய்த் தோல்வி. அடுத்த வருஷம் ஜெயித்தார். பட்டம் வரவில்லை என்று 1990களில் ஆளை மாற்றியிருந்தால் பின்னால் வந்த எதுவுமே நடந்திருக்காது. ஐ.டி.யில் இரண்டு குவார்ட்டர் டார்கெட் தவறினாலே என்ன ஆகும் என்று தெரிந்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கையில் நோட்டும் பென்சிலும்

வாலிபால் கோச் என்றால் கோட்டுக்கு ஓரமாக நின்று கத்துகிறவர் என்றுதான் நமக்குப் பழக்கம். ரோஸ் மேட்ச் நேரத்தில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து, கையாலேயே புள்ளிவிவரம் எழுதிக்கொண்டிருப்பார். லேப்டாப் வைத்துக்கொண்டு உதவியாளர்கள் உட்கார்ந்த காலத்திலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அப்படி என்ன எழுதுவார்கள்? இரண்டு கணக்கு தெரிந்தால் போதும், நீங்களும் ஊர் மேட்சில் எழுதலாம்.

முதல் கணக்கு, அடியின் பயன். ஸ்மாஷ் அடித்து நேராகப் பாயிண்ட் கிடைத்தால் அது வெற்றி அடி. நெட்டில் விழுந்தாலோ, வெளியே போனாலோ, எதிராளி பிளாக் செய்து திருப்பிவிட்டாலோ பிழை. எதிராளி எடுத்து ஆட்டம் தொடர்ந்தால் இரண்டும் இல்லை. வெற்றி அடியிலிருந்து பிழையைக் கழித்து, மொத்த அடியால் வகுக்க வேண்டும்.

ஒரு பெண் 30 முறை அடித்து 12 பாயிண்ட் எடுத்தாள், 9 பிழை செய்தாள் என்று வைப்போம். கழித்தால் 3. முப்பதால் வகுத்தால் 0.100. இன்னொருத்தி 20 முறை அடித்து 8 பாயிண்ட், ஒரே ஒரு பிழை. கழித்தால் 7. வகுத்தால் 0.350. கைதட்டல் முழுக்க 12 பாயிண்ட் எடுத்தவளுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனால் டீமை ஜெயிக்க வைத்தது இரண்டாவது பெண். இது கண்ணுக்குத் தெரியாது, நோட்டில் எழுதினால்தான் தெரியும்.

இரண்டாவது கணக்கு, சர்வீஸை எடுப்பது. எடுத்த பந்து செட்டர் கைக்குக் கச்சிதமாகப் போனால் 3 மார்க். செட்டர் ரெண்டு அடி நகர வேண்டியிருந்தால் 2. எப்படியோ மேலே கிளப்பி விட்டாச்சு என்றால் 1. எடுக்கவே முடியவில்லை என்றால் 0. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சராசரி போட்டால், எதிராளி யாரைப் பார்த்து சர்வீஸ் போடுவான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்குகள் ரோஸின் காலத்திலேயே இன்னும் முக்கியமாகின. பழைய விதிப்படி சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டும்தான் பாயிண்ட் கிடைக்கும். எதிராளி கையில் சர்வீஸ் இருந்தால்தான் நம்ம பிழை அவனுக்குப் பாயிண்ட் ஆகும். சர்வீஸ் நம்ம கையில் இருக்கும்போது தப்பு செய்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும். 2001ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட் என்று மாறியது. அதற்குப் பிறகு எந்தப் பிழையும் எதிராளிக்கு நேராக ஒரு பாயிண்ட். அடுத்த வருஷம் லிபெரோ வந்தார். 2008ல் செட்டுக்கு 25 பாயிண்ட் ஆனது. ஒரே ஆள் இத்தனை மாற்றத்தையும் தாண்டி ஜெயித்துக்கொண்டே இருந்தார் என்றால், அவர் கற்றுக்கொண்டது ஒரு உத்தியை அல்ல, எண்ணிப் பார்க்கிற பழக்கத்தை.

அந்த 2008ல் பென் ஸ்டேட் ஆடிய 38 ஆட்டமும் வெற்றி. அரையிறுதிக்கு வரும்வரை ஒரு செட் கூடத் தோற்கவில்லை. அவரிடம் ஆடியவர்களில் மேகன் ஹாட்ஜ், கிறிஸ்டா ஹார்மோட்டோ, அலிஷா கிளாஸ் எல்லாம் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் மெடல் வாங்கியவர்கள். டோக்கியோவில் தங்கம் வாங்கிய டீமில் மைக்கா ஹான்காக், ஹேலி வாஷிங்டன் என்று அவர் மாணவிகள் இரண்டு பேர்.

ஒரு சட்டம் இல்லையென்றால்

இங்கே வரைக்கும் படித்தால் இது ஒரு திறமைசாலியின் கதை. ஆனால் என் கேள்வி "எப்படிச் சாத்தியமானது?" என்பது. அதற்குப் பதில் அவரிடம் இல்லை. 1972ல் இருக்கிறது.

அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. அதன் ஒன்பதாவது பிரிவு, 'டைட்டில் நைன்' என்பார்கள். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் கல்லூரி விளையாட்டும் கல்வியின் பகுதிதானே? ஆண்கள் கால்பந்துக்கு அத்தனை பேருக்கு உதவித்தொகை கொடுத்தால் பெண்களுக்கும் ஈடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். வாலிபால் அதற்கு வசதியான ஆட்டம். ஒரு டீமுக்குப் பன்னிரண்டு முழு உதவித்தொகை வரை கொடுக்கலாம் என்று ஆனது. பயிற்சி அரங்கம், பயணச் செலவு, உதவிக் கோச்சுகள், சம்பளம் எல்லாம் பின்னாலேயே வந்தன. ரோஸ் வேலையில் சேர்ந்தது சட்டம் வந்து ஏழு வருஷம் கழித்து.

இன்றைக்கு முதல் டிவிஷனில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் வாலிபால் டீம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி நெப்ராஸ்காவில் கால்பந்து மைதானத்துக்கு நடுவே கோர்ட் போட்டு ஒரு கல்லூரிப் பெண்கள் ஆட்டம் நடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர்.

சட்டத்தின் மறுபக்கம்

இப்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. டைட்டில் நைன் வருவதற்கு முன்னால் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குக் கோச்சாக இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். நம்ம ஊர் பி.டி. டீச்சர் மாதிரி, வேறு வேலையோடு சேர்த்து, சொற்பப் பணத்துக்குச் செய்துகொண்டிருந்தார்கள். சட்டம் வந்தது, பணம் வந்தது, மரியாதை வந்தது. கூடவே ஆண் கோச்சுகளும் வந்தார்கள். 2014ல் கணக்கெடுத்தபோது பெண்கள் அணிகளில் பெண் கோச்சுகளின் பங்கு 43 சதவீதம்தான்.

ஆடுகிற பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது, ஆட வைக்கிற பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. அவமானச் சம்பளம் உள்ள வேலையாக இருந்தவரை "அது பொம்பளைங்க வேலை". நல்ல வேலையானதும் எல்லோருக்குமான வேலை ஆகிவிட்டது. சமையல் வீட்டில் ஒரு கணக்கு, கல்யாண மண்டபத்தில் ஒரு கணக்கு என்று நமக்கும் இது பழகியதுதான்.

ரோஸ் மீது இதில் குற்றம் ஏதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தகவல் என்னைக் குத்தியது. தேசியப் போட்டி இன்றைய வடிவில் 1981ல் தொடங்கியது. அன்றிலிருந்து 2023 வரை 43 முறை நடந்திருக்கிறது. 43 முறையும் பட்டம் வாங்கிய டீமின் தலைமைக் கோச் ஓர் ஆண். ஃப்ளோரிடாவின் மேரி வைஸ் 2003லும் 2017லும் இறுதி ஆட்டம் வரை வந்தார். இரண்டு முறையும் தோல்வி.

2024 டிசம்பர்

ரோஸ் ஓய்வு பெற்றதும் 2022ல் அந்த இடத்துக்கு வந்தவர் கேட்டி ஷூமேக்கர்-காவ்லி. இவர் வெளியாள் இல்லை. இருபது வருஷம் காத்திருந்து ரோஸ் வாங்கிய அந்த முதல் பட்டம், 1999, நினைவிருக்கிறதா? அந்த டீமில் ஆடியவர். படித்து முடித்து வேறு இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைக் கோச்சாக இருந்துவிட்டு, 2018ல் தன் பழைய கோச்சுக்கே உதவியாளராகத் திரும்பி வந்தவர்.

2024 செப்டம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கீமோ எடுத்துக்கொண்டே கோச்சிங்கைத் தொடர்ந்தார். முடி கொட்டிய தலையோடு கோர்ட் ஓரத்தில் நின்றார்.

டிசம்பர் 19, அரையிறுதி. எதிராளி நெப்ராஸ்கா. முதல் இரண்டு செட்டும் போய்விட்டது. நான்காவது செட்டில் 22க்கு 16 என்று பின்தங்கி இருந்தார்கள். நெப்ராஸ்காவுக்கு இன்னும் மூன்றே பாயிண்ட். அங்கிருந்து அந்தச் செட்டை மீட்டு, ஐந்தாவதையும் ஜெயித்தார்கள்.

டிசம்பர் 22, இறுதி ஆட்டம். எதிராளி லூயிவில், அதுவும் அவர்கள் சொந்த ஊரிலேயே. அவர்கள் கோச் டேனி பஸ்பூம் கெல்லியும் ஒரு பெண். யார் ஜெயித்தாலும் அன்றைக்கு 43 வருஷக் கணக்கு உடையும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. பென் ஸ்டேட் 3க்கு 1 என்று ஜெயித்தது.

1,330 வெற்றியை விட எனக்கு ரோஸின் பெரிய சாதனையாகத் தெரிவது இதுதான். அவர் கூப்பிட்டுச் சேர்த்த ஒரு பெண், அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அவரால் முடியவே முடியாத ஒன்றைச் செய்தார். முதல் பெண் என்ற பெயரை எத்தனை மேட்ச் ஜெயித்தாலும் ஒரு ஆணால் வாங்க முடியாதே!

சரி, நாமக்கல்லுக்கு வருவோம்

இதெல்லாம் அமெரிக்கா. இங்கே என்ன வழி? அதையும் எழுதி வைத்தேன்.

நம்ம கல்லூரிகளில் வாலிபாலுக்கென்று தனிக் கோச் இருப்பது அபூர்வம். உடற்கல்வி இயக்குநர் ஒருவர் இருப்பார். வாலிபால், கபடி, கோ-கோ, ஓட்டப்பந்தயம், ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட் எல்லாம் அவர் தலையில். அந்தப் பதவிக்கு எம்.பி.எட். முடித்து, நெட் அல்லது செட் தேர்வு பாஸ் செய்ய வேண்டும். பள்ளிக்கு என்றால் பி.பி.எட். ஒரே ஆட்டத்தில் கோச்சாக வேண்டும் என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. 'என்.ஐ.எஸ். முடிச்சவர்' என்று நம்ம ஆட்கள் சொல்வது அதைத்தான். அரசின் விளையாட்டு விடுதிகளில் கோச்சுகளுக்கு இடம் உண்டு.

தமிழ்நாட்டுக்கு வாலிபாலில் பேர் இல்லாமலும் இல்லை. 1961ல் அர்ஜுனா விருது தொடங்கியபோதே வாலிபாலுக்கு அதை வாங்கியவர் ஏ.பழனிசாமி. ஆட்டக்காரராக அர்ஜுனா வாங்கிய ஜி.இ.ஸ்ரீதரன் 2007ல் கோச்சாக துரோணாச்சார்யா விருதும் வாங்கினார். ஆள் இருக்கிறார்கள். இல்லாதது, ஒருவரை ஒரே இடத்தில் இருபது வருஷம் பொறுமையாக வைத்துக்கொள்கிற ஏற்பாடு.

ஆக, அண்ணன் சொன்னதில் பாதி சரி. பெண்கள் வாலிபால் கோச் என்பது இங்கே இன்னும் ஒழுங்கான வேலையாக ஆகவில்லை. ஆனால் அது அந்த வேலையின் குறை இல்லை. 1970ல் அமெரிக்காவிலும் இதே நிலைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சம்பளப் பிரச்சினை உட்பட எதையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"சித்தப்பா, அந்த 3, 2, 1, 0 கணக்கை இன்னொருவாட்டி சொல்லுங்க, எழுதிக்கறேன். நாளைக்கு எங்களுக்கு மேட்ச் இருக்கு."

சொன்னேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். "என்னடா, எடுத்துச் சொன்னியா?" என்றார். பி.பி.எட். முடிக்கட்டும், கூடவே பேங்க் பரீட்சையும் ஒரு தடவை எழுதட்டும், ரெண்டு வருஷம் கழிச்சு உட்கார்ந்து பேசலாம் என்றேன். வெல்டிங் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஃபீஸ் எவ்வளவுன்னு விசாரிச்சுச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.